நிறுத்தாமல் ஓட்டச் சொன்ன வண்டி

எங்கள் யசோத்தோன் ஊர்ச் சந்தையில் என் முட்டைக் கடைக்கு அடுத்த கடை பூன்தம் அண்ணனுடையது. தேங்காய் துருவி, பால் பிழிந்து, பையில் கட்டி விற்பவர். காலையில் அவருடைய துருவும் இயந்திரம் போடும் இரைச்சலில் என் வாடிக்கையாளர்கள் எல்லாரும் கத்திக் கத்தித்தான் முட்டைக்குப் பேரம் பேசுவார்கள். போன மழைக்காலம் முடிந்ததும் அவர் ஒரு புது டீசல் பிக்கப் வாங்கினார். நான்கு கதவு, பின்னால் நீளமான தொட்டி, வெண்கல நிறம். எங்கள் சந்தை வரிசையில் அப்படியொரு வண்டி அதுவரை நின்றதில்லை.

வந்த அன்றே கோயிலிலிருந்து பிக்குவை வரவழைத்து, உள்கூரையில் வெள்ளைச் சாந்தால் யந்திரம் எழுத வைத்தார். கண்ணாடியில் மல்லிகைச் சரம் தொங்கவிட்டார். இருக்கைகளைச் சுற்றி வந்த பிளாஸ்டிக் உறையை யாரும் கழற்றக் கூடாது என்று உத்தரவு. வெயில் நேரத்தில் அதில் உட்கார்ந்து எழுந்தால் தொடைத் தோல் அங்கேயே தங்கிவிடும் போலிருக்கும்.

இத்தனை பெரிய வண்டி போகிற தூரத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். வீட்டுக் கொட்டகையிலிருந்து சந்தைக்கு. சந்தையிலிருந்து குழம்புக் கடைக்கு. அங்கிருந்து எதிர்ச்சாரியில் இனிப்புக் கடைக்கு. ஒவ்வொரு வாசலிலும் வண்டியை அணைப்பார், இறங்குவார், பால் பையைக் கொடுப்பார், மறுபடி கிளப்புவார். வண்டி சூடேறுவதற்குள் அந்த இடம் வந்துவிடும்.

"என்ன அண்ணே, இன்னிக்கு வெளியூர்ப் பயணமா? மீன் கடை வரைக்கும் போறீங்களா?" என்று நான் கேட்பேன்.

"லம்துவன், நீ முட்டைய உடைக்காம அடுக்கு. என் வண்டி எங்க போவுதுன்னு உனக்கு எதுக்கு?" என்பார்.

அவருடைய பழைய வண்டி இதையெல்லாம் பொறுத்துக்கொண்டது. இருபது வருடம் புகை கக்கிக்கொண்டே ஓடியது, ஒரு நாளும் முறைத்துக்கொண்டதில்லை. புது வண்டி அப்படியில்லை. ஒரு நாள் காலை, ஓட்டுகிறவர் முன்னால் இருக்கிற பலகையில் மஞ்சளாக ஒரு விளக்கு எரிந்தது. பூன்தம் அண்ணன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பாக்கெட்டிலிருந்து ஒரு புத்தர் ஸ்டிக்கரை எடுத்து அதன்மேல் ஒட்டிவிட்டார்.

அவர் மனைவி ராட்ரி அக்கா அன்று மாலையே அதைக் கண்டுபிடித்தாள். "சாமிக்குப் பின்னால என்னங்க மினுங்குது?"

"அருள்" என்றார் அண்ணன்.

அவள் நகத்தால் ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்தாள். மறுநாள் கணவனையும் வண்டியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு சர்வீஸ் நிலையத்துக்குப் போனாள். அங்கே மேசையில் இருந்த இளம் பெண் கணினியைப் பார்த்துவிட்டு, "மாமா, தினமும் எவ்வளவு தூரம் ஓட்டுறீங்க?" என்று கேட்டாளாம்.

"நிறைய நடை ஓட்டுறேம்மா."

"நடை இல்ல மாமா, தூரம்."

ராட்ரி அக்காதான், "இங்கேருந்து ஒரு கல்லு எறிஞ்சா எங்க விழுமோ, அவ்வளவு தூரம்" என்றாள்.

அந்தப் பெண் பொறுமையாக விளக்கினாள். புது வண்டிகளில் புகைக் குழாய்க்குள் ஒரு வடிகட்டி இருக்கிறது. டீசல் கரி வெளியே போகாமல் அது பிடித்து வைத்துக்கொள்ளும். வண்டி நன்றாகச் சூடேறினால் அந்தக் கரியை அதுவே எரித்துவிடும். சூடேறுவதற்கு முன்பே நிறுத்தி நிறுத்தி ஓட்டினால் கரி சேர்ந்துகொண்டே போகும். ஒரு கட்டத்தில் வண்டி முக்கும், முனகும், வேகம் எடுக்காது.

"பெரிய ரோட்டுக்குப் போங்க மாமா. அரை மணி நேரமோ கொஞ்சம் கூடவோ ஒரே சீரா, நல்ல வேகத்துல ஓட்டுங்க. விளக்கு அணையற வரைக்கும் நடுவுல நிறுத்திடாதீங்க. அவ்வளவுதான், செலவே இல்ல."

அவ்வளவுதான் என்று அவள் சொன்னாள். பூன்தம் அண்ணனுக்கு அதுதான் முடியாத காரியம். அவர் வண்டியை நிறுத்தாமல் ஓட்டியதாக எங்கள் ஊரில் யாருக்கும் நினைவில்லை. யார் கை காட்டினாலும் நிற்பார். கை காட்டாவிட்டாலும் நின்று, "எங்க போறே?" என்று கேட்பார்.

அன்று மதியமே ஊரைச் சுற்றி ஓட்டிப் பார்க்கக் கிளம்பினார். மருத்துவமனை முக்கில் ஒரு ஆசிரியை குடையோடு நின்றாள், ஏற்றிக்கொண்டார். கொஞ்சம் தள்ளி இரண்டு மூட்டை உமியோடு ஒருவர். கோயில் அருகே நடுரோட்டில் ஒரு நாய் படுத்திருந்தது. ஹாரன் அடித்தால் அதன் தூக்கம் கெடுமென்று அது எழுந்து போகும்வரை காத்திருந்தார். திரும்பி வந்தபோது வண்டித் தொட்டியில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

அடுத்த நாள் இன்னொரு யோசனை. வண்டியைக் கொட்டகை வாசலிலேயே கிளப்பிவிட்டுவிட்டு உள்ளே போய்த் தேங்காய் துருவினார். சூடுதானே வேண்டும், நின்ற இடத்திலேயே சூடாகட்டுமே என்று. டீசல் தீர்ந்ததுதான் மிச்சம். அதற்கடுத்த நாள் விளக்கு சிமிட்ட ஆரம்பித்தது.

"ரோய்-எட் ரோட்டுக்குப் போங்க" என்றாள் ராட்ரி அக்கா. நான் பக்கத்தில் முட்டைகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பூன்தம் அண்ணன் மட்டையை உரித்துக்கொண்டே, காது கேட்காதவர் மாதிரி இருந்தார்.

"உபோன் பக்கம் போறேன்" என்றார் கடைசியில்.

"அங்க ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்கான். பத்து நிமிஷத்துக்கு ஒரு கொடிக்காரன் நிக்கிறான்."

"அப்ப வேற ரோடு பாத்துக்கறேன்."

"வேற ரோடெல்லாம் ஊருக்குள்ளதாங்க போவுது. அந்த ரோட்டுல என்ன, புலியா உக்காந்திருக்கு?"

புலி இல்லை. அவருடைய சகலை தோங்தா உட்கார்ந்திருந்தார். ரோய்-எட் போகிற நெடுஞ்சாலை ஓரத்தில் சுட்ட கோழிக் கடை. ராட்ரி அக்காவின் தங்கை மாலிவனும் அவள் கணவர் தோங்தாவும் சேர்ந்து நடத்துவது.

இந்தச் சகலைகள் இருவரும் ஒரு காலத்தில் இணைபிரியாதவர்கள். மழை வேண்டி வாணம் விடுகிற திருவிழாவுக்கு இருவரும் சேர்ந்துதான் வாணம் செய்வார்கள். நாலைந்து வருடம் முன்பு அவர்கள் செய்த வாணம் ஆளுயரம்கூடத் தாண்டவில்லை. ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுப் பக்கத்து வயலில் போய்ப் படுத்துக்கொண்டது. வாணம் மேலே போகாவிட்டால் செய்தவர்களைச் சேற்றில் தூக்கிப் போடுவது எங்கள் வழக்கம். அதில் யாருக்கும் கோபம் வராது. அன்று என்ன ஆயிற்றென்றால், கூட்டம் தூக்க வந்த நேரத்தில் தோங்தா மேடையில் ஏறி மைக்கைப் பிடித்துக்கொண்டார். "வெடிமருந்து இடிச்சது பூரா என் சகலை! நான் கயிறு மட்டும்தான் கட்டினேன்! கயிறு நல்லாத்தான் இருந்துச்சு!" என்று மாவட்டத்துக்கே கேட்கும்படி அறிவித்துவிட்டார். பூன்தம் அண்ணன் தனியாகச் சேற்றில் போனார். சேற்றைக் கழுவிவிட்டார், அந்த அறிவிப்பைக் கழுவ முடியவில்லை. அதிலிருந்து பேச்சில்லை, போக்குவரத்தில்லை. அக்காளும் தங்கையும் மட்டும் தேங்காய் இயந்திரம் ஓடுகிற இரைச்சலில், அண்ணன் காதில் விழாதபடி போனில் பேசிக்கொள்வார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சந்தை கலைந்ததும் ராட்ரி அக்கா என்னிடம் வந்தாள். "லம், நீயும் வா. தனியா இவர நம்பி நான் போகமாட்டேன். பாதி வழியில திரும்பிடுவாரு."

"கோழிக் கடைக்கு முன்னாலயே திரும்பிடலாம்னாதான் வருவேன்" என்றார் அண்ணன் வண்டிச் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு. "கடைக்கு இந்தப் பக்கம் ஒரு பெட்ரோல் பங்க் இருக்கு. அதுவரைக்கும்தான்."

"சரிங்க, அதுவரைக்கும்தான்" என்றாள் அக்கா மிகவும் பணிவாக. அவள் அப்படிப் பணிந்து பேசினால் எனக்குப் பயமாக இருக்கும்.

நான் பின்னிருக்கையில் ஏறி, ஒட்டரிசிச் சோற்றுக் கூடையை மடியில் வைத்துக்கொண்டேன். நெடுஞ்சாலை ஏறியதும் எனக்கே உற்சாகமாகிவிட்டது. இரண்டு பக்கமும் அறுத்து முடித்த வயல்கள், காற்றில் வைக்கோல் வாசனை. வண்டி அதுவரை உள்ளே அடக்கி வைத்திருந்த மூச்சையெல்லாம் விட்டபடி ஓடியது. பூன்தம் அண்ணனின் முதுகுகூட நிமிர்ந்துவிட்டது.

"இந்த வண்டிக்குள்ள இவ்வளவு ஓட்டம் இருக்குன்னு தெரியாமப் போச்சே!" என்றார்.

"கன்னுக்குட்டிய மேசைக் கால்ல கட்டி வெச்சா எப்படித் தெரியும்?" என்றாள் அக்கா.

வழியில் ஒருவர் கை காட்டினார். அண்ணனின் கால் தானாகப் பிரேக்குக்குப் போனது. நானும் அக்காவும் ஒரே குரலில், "நிறுத்தாதீங்க!" என்று அலறினோம். அவர் ஜன்னல் வழியாகக் கும்பிட்டு, "மன்னிச்சிரு தம்பி, வண்டிக்கு உடம்பு சரியில்ல!" என்று கத்திக்கொண்டே கடந்தார்.

பெட்ரோல் பங்க் வந்தது. விளக்கு இன்னும் சிமிட்டிக்கொண்டிருந்தது. அண்ணன் விளக்கைப் பார்த்தார், பங்கைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார்.

"இப்ப நிறுத்தினா எல்லாம் வீணுங்க" என்றாள் அவள். "அந்தப் பொண்ணு என்ன சொல்லிச்சு?"

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு பங்கைத் தாண்டினார். "நான் அந்தப் பக்கம் பாக்கமாட்டேன். நேரா ரோட்டைத்தான் பாப்பேன்."

கோழிக் கடை புகை தூரத்திலேயே தெரிந்தது. வாசலில் விசிறியோடு நின்ற மாலிவன் அந்த வெண்கல வண்டியைப் பார்த்துவிட்டாள். அக்கா போனில் வண்டியின் படம் அனுப்பியிருப்பாள் போல. விசிறியைத் தூக்கி ஆட்டிக்கொண்டு, துள்ளிக்கொண்டு ரோட்டோரம் ஓடி வந்தாள். ராட்ரி அக்கா ஜன்னல் வழியாகப் பாதி உடம்பை வெளியே விட்டு, "நிறுத்தக் கூடாதுடி! நிறுத்தக் கூடாது!" என்று கத்தினாள். நாங்கள் பறந்து போனோம். பின்கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மாலிவனின் விசிறி அப்படியே அந்தரத்தில் நின்றது. பாவம், முகம் வாடிவிட்டது.

கொஞ்ச நேரத்தில் பின்னாலிருந்து ஹாரன். விடாத ஹாரன். திரும்பிப் பார்த்தால், துரு ஏறிய பழைய நீலப் பிக்கப் ஒன்று எங்களைத் துரத்திக்கொண்டு வருகிறது. ஓட்டுகிறவர் தலையை வெளியே நீட்டிக் கையை வீசுகிறார்.

"அண்ணே, உங்க சகலை" என்றேன்.

"வரட்டும். மைக்கில்லாம என்ன பேசறான்னு பாப்போம்" என்றார் அண்ணன், காலை இன்னும் கொஞ்சம் அழுத்தி.

நீல வண்டியின் தொட்டியில் மாலிவன் உட்கார்ந்திருப்பது அப்போதுதான் தெரிந்தது. ஒரு பெரிய பிளாஸ்டிக் பீப்பாயை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்திருந்தாள். அதிலிருந்து தண்ணீர் தளும்பித் தளும்பி அவள் முழுக்க நனைந்திருந்தாள். எங்களைத் திட்ட வருகிறவர்கள் தண்ணீரை எதற்குக் கொண்டுவருகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

"அணைஞ்சிருச்சு!" என்று கத்தினாள் ராட்ரி அக்கா.

விளக்கு இருந்த இடம் இருட்டாக இருந்தது. பூன்தம் அண்ணன் "ஓ!" என்று ஒரு சத்தம் போட்டார், திருவிழாவில் வாணம் மேகத்தைத் தொட்டால் போடுகிற சத்தம். இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டி, மெதுவாக ஒரு மரத்தடியில் ஓரம் கட்டினார்.

நாங்கள் இறங்குவதற்குள் நீல வண்டி கிறீச்சிட்டு வந்து நின்றது. தோங்தா குதித்தார். கறுத்து ஒல்லியான மனிதர், நெஞ்சில் கோழி மசாலா படிந்த ஏப்ரன். ஒரு வார்த்தை பேசாமல் தொட்டிக்கு ஓடி, வாளியில் தண்ணீர் மொண்டு, நேராக எங்கள் வண்டியின் அடிப்பக்கத்தைக் குறிவைத்து வந்தார்.

பூன்தம் அண்ணன் வண்டிக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றார். "ஊத்தாத! ஒரு சொட்டு ஊத்தாத!"

"தள்ளு சகலை! வண்டி தீப்பிடிச்சிருக்கு!"

"தீயும் இல்ல ஒண்ணும் இல்ல. கிட்ட வராத!"

தோங்தா வாளியோடு நின்றுவிட்டார். மூச்சு வாங்கியது. முகத்தில் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. "வண்டி எரியறப்பகூட என் கையால தண்ணி வேண்டாமா உனக்கு? அவ்வளவு ஆகாதவனாயிட்டேனா நான்?"

எங்கள் வண்டியின் அடியிலிருந்து சூட்டின் வாசனை குப்பென்று வந்தது. குழாய் டிக் டிக்கென்று சத்தம் போட்டு ஆறிக்கொண்டிருந்தது. மாலிவன் தொட்டியிலிருந்து சொட்டச் சொட்ட இறங்கி வந்து சொன்னாள்: "கடையத் தாண்டறப்ப பின்னால வெள்ளைப் புகை வந்துச்சு மாமா. கருகுற வாசனை வேற. நிறுத்தக் கூடாது, நிறுத்தக் கூடாதுன்னு அக்கா கத்துறா. பிரேக்கும் போச்சுன்னு நெனச்சோம். இவரு அடுப்புல இருந்த கோழியெல்லாம் அப்படியே போட்டுட்டு வந்துட்டாரு."

பூன்தம் அண்ணன் விரித்த கையை மடக்காமலே நின்றார்.

"தீ இல்ல சகலை" என்றார். "இந்த வண்டி அப்படித்தான். உள்ள கரி சேந்துடும். வேகமா ஓட்டினா அதுவே எரிச்சுக்கும்."

"வண்டியே எரிச்சுக்குமா?"

"ஆமா."

"வேணும்னேவா?"

"வேணும்னேதான். கம்பெனிக்காரனே அப்படிச் செஞ்சிருக்கான்."

தோங்தா வாளியைக் கீழே வைத்துவிட்டு, குனிந்து வண்டியின் அடியில் எட்டிப் பார்த்தார். நிமிர்ந்தபோது உதடு துடித்தது. "அப்ப இதுக்கு மருந்து இடிச்சது யாரு சகலை?"

ராட்ரி அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். நான் அண்ணன் முகத்தைப் பார்க்கவே பயந்தேன். அவர் தோங்தாவை முறைத்தார். பிறகு, எங்கிருந்தோ ஒரு சிரிப்பு கிளம்பி அவர் தொப்பையில் குலுங்கியது. "யாரு இடிச்சாலும் கயிறு நல்லாத்தான் இருக்கு, போடா!" என்றார். அதற்குப் பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. ரோட்டில் போன பேருந்து ஒன்று, யாருக்கு என்ன ஆயிற்றோ என்று வேகத்தைக் குறைத்து எங்களைப் பார்த்துவிட்டுப் போனது.

சிரிப்பு ஓய்ந்ததும் தோங்தா தலையைச் சொறிந்தார். "அன்னிக்குச் சேத்துக்குப் பயந்துட்டேன் சகலை. புதுச் சட்டை போட்டிருந்தேன்."

"சட்டையா? சட்டைக்காகவா?"

"உன் மச்சினி வாங்கிக் குடுத்தது."

"அதை முன்னாலயே சொல்லியிருந்தா சேத்துக்குப் போறதுக்கு முன்னால கழட்டி நானே பிடிச்சிருப்பேனே!"

கடைக்குத் திரும்பினால், அடுப்பில் இருந்த கோழிகள் ஒரு பக்கம் கரியாகியிருந்தன. காத்திருந்த லாரிக்காரர் ஒருவர் தாமே விசிறி எடுத்து, மீதியைக் காப்பாற்றி, வாடிக்கையாளர்களுக்கும் வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். கரிந்த பக்கத்தைப் பூன்தம் அண்ணன் தம் தட்டில் போட்டுக்கொண்டார். "பழகிப்போச்சு, கரியெல்லாம் உள்ளயே எரிச்சுக்கலாம்" என்றார்.

மாலிவன் உரலில் பப்பாளிக்காயை இடித்தாள். ராட்ரி அக்கா அவள் பக்கத்திலேயே நின்று, "மிளகாய் பத்தாது, மீன் சாறு கூட ஊத்து" என்று ஒவ்வொன்றுக்கும் குறை சொன்னாள். மாலிவன் ஒவ்வொன்றுக்கும் எதிர்த்துப் பேசினாள். இத்தனை வருடமும் போனில் குசுகுசுத்துக் குசுகுசுத்து அலுத்துப்போன இருவரும் அன்று வாய் நிறையச் சத்தம் போட்டுச் சண்டை போட்டார்கள். கேட்கவே நன்றாக இருந்தது. நான் என் கூடையிலிருந்த சோற்றை உருட்டி உருட்டிச் சாற்றில் தோய்த்து, காரத்தில் கண்ணீர் வழிய வழியச் சாப்பிட்டேன்.

சகலைகள் அரிசிச் சாராயப் புட்டியோடு புளியமரத்தடிக்குப் போய்விட்டார்கள். அடுத்த திருவிழாவுக்கு எத்தனை முழம் வாணம் என்ற பேச்சு. பேச்சு வளர வளர வாணமும் வளர்ந்தது. வெயில் சாய்ந்தபோது அது நிலவைத் தாண்டியிருந்தது.

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. பூன்தம் அண்ணனால் நேராக நிற்கவே முடியவில்லை, வண்டியை யார் ஓட்டுவது? ராட்ரி அக்காவுக்கும் எனக்கும் மோட்டார் சைக்கிளோடு சரி.

"சாவியக் குடுங்க மாமா" என்றாள் மாலிவன், கடையைப் பூட்டிக் கையைத் துடைத்துக்கொண்டு. கோழி வாங்க விடியற்காலையில் வண்டி எடுப்பவள் அவள்தான்.

அண்ணன் சாவியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "சீட்டு உறைய மட்டும் கிழிச்சிடாதம்மா."

மாலிவன் ஏறி உட்கார்ந்தாள். பிளாஸ்டிக் சுட்டது போலும், உடனே எழுந்தாள். இரண்டே இழுப்பில் உறையைக் கிழித்து ரோட்டோரக் குப்பைத் தொட்டியில் போட்டாள். அண்ணன் வாயைத் திறந்தார். தோங்தா அவர் தோளில் கை போட்டு, "விடு சகலை, சின்னப் பொண்ணு" என்றார். அந்தச் சின்னப் பொண்ணுக்கு ஐம்பது வயது.

சகலைகள் இருவரும் பின்தொட்டியில் ஏறிக்கொண்டார்கள். வழி நெடுக வாணப் பாட்டு. வயலில் மாடு ஓட்டி வந்தவர்கள்கூட இவர்கள் சத்தத்துக்குக் கைதட்டினார்கள். மாலிவன் ஒரே சீராக, ஒரு குலுக்கல் இல்லாமல் ஓட்டினாள். பக்கத்தில் ராட்ரி அக்கா கால்களை மடித்துப்போட்டு உட்கார்ந்து, ஜன்னல் காற்றில் முடியைப் பறக்கவிட்டிருந்தாள். அவளை அப்படி நான் பார்த்ததேயில்லை.

சந்தை வாசலில் வண்டி நின்றதும் நான் இறங்கினேன். பின்னாலிருந்து இருவரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். அக்காவும் தங்கையும் இறங்கவில்லை.

"வாடி, வீட்டுக்குப் போலாம்" என்றார் பூன்தம் அண்ணன்.

ராட்ரி அக்கா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். "நீங்க நடந்து போங்க. பக்கந்தானே, ஒரு பாட்டு பாடி முடிக்கறதுக்குள்ள வந்துடும். வண்டி இப்பத்தான் நல்லா சூடா இருக்கு. நாங்க மேகோங் ஆத்தப் பாத்துட்டு நாளைக்கு வரோம்."

சகலைகள் வாயைத் திறப்பதற்குள் வண்டி கிளம்பி, விளக்குக் கம்பங்களுக்குக் கீழே வெண்கலமாக மின்னிக்கொண்டே வளைவில் திரும்பியது. தோங்தா தன் சட்டைப் பையைத் தட்டிப் பார்த்தார். "சகலை, கடைச் சாவியும் அவகிட்ட இருக்கு."

"அதுக்கென்ன இப்ப?" என்றார் பூன்தம் அண்ணன். "காலையில தேங்கா உரிக்க ஆள் வேணும், வா." இருவரும் தெருவின் இரண்டு ஓரங்களையும் அளந்துகொண்டு நடந்தார்கள்.